பாட ஆசிரியர் சங்கத்தில் சேர்வதால் ஓர் ஆசிரியருக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

கேள்வி: கணித ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோர் ஆண்டுகளாகக் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். பணியில் சேர்ந்த மாதமே மூத்த ஆசிரியர் ஒருவர் ரசீதுப் புத்தகத்தை நீட்ட, அவர் பேச்சைத் தட்ட முடியாமல் ஆசிரியர் சங்கம் ஒன்றில் உறுப்பினரானேன். ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறேன். சங்க நாட்குறிப்பும் கைக்கு வந்து சேருகிறது. விடுப்பு விதிகளுக்கும் அரசாணைகளுக்கும் அந்த நாட்குறிப்பைப் போலப் பயன்படும் புத்தகம் வேறொன்று இல்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் கேட்க வந்தது அந்தச் சங்கத்தைப் பற்றியன்று; கணித ஆசிரியர்களுக்கென்றும் இயற்பியல் ஆசிரியர்களுக்கென்றும் தனித்தனியே இயங்குவதாகச் சொல்லப்படும் பாட ஆசிரியர் சங்கங்களைப் பற்றியது.

கேட்கும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்புறம் ஒரு கோயில் குளம் உள்ளது. ஏழாம் வகுப்பில் முழுக்களின் கழித்தலை நடத்தும்போது, "கழித்தல் கழித்தல் சேர்ந்தால் கூட்டல்" என்று மனப்பாடம் செய்யச் சொல்ல மனம் வராமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்றேன். தண்ணீர் நிற்கும் இடம் பூச்சியம், அதற்கு மேலுள்ள படிகள் மிகை எண்கள், நீருக்குள் இருப்பவை குறை எண்கள் என்று வைத்துக்கொண்டோம். மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழிப்பது என்றால், குறை இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வர எத்தனை படி ஏற வேண்டும் என்று பொருள். ஐந்து படி. இதை ஒரு பிள்ளைகூடத் தவறாகச் சொல்லவில்லை. சிக்கல் ஐப்பசியில் வந்தது. மழையில் நீர் ஏறியதும், முன்பு எழுதிவைத்த எண்கள் எல்லாம் மாறிப்போயின. பூச்சியமே இடம் மாறினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று அஞ்சி, அதன்பின் சுவரில் வரைந்த ஏணிப் படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இதைச் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள், புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள், போட்டேன், நாற்பது கட்டைவிரல்கள் வந்தன. முறை சரிதானா, நீர்மட்டச் சிக்கலுக்கு என்ன செய்யலாம் என்று ஒருவரும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து, நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்குமாறு நண்பர்கள் வற்புறுத்தினார்கள். என் பெருமைகளை நானே கோப்பாகத் தைத்து, வண்ணப் படங்கள் ஒட்டி, சான்றிதழ்களின் நகல்களை அடுக்க உட்கார்ந்தபோது கூச்சம் வந்து பாதியில் மூடி வைத்துவிட்டேன். விருதைக் குறை சொல்லவில்லை, கூச்சம் என்னுடையது.

எனவே என் கேள்விகள் இவை. பாட ஆசிரியர் சங்கம் ஆசிரியருக்கு என்ன துணை செய்கிறது? அங்கு கிடைக்கும் அங்கீகாரம் எத்தகையது? பணிப்பதிவேட்டில் ஏறுமா, இல்லையென்றால் அதனால் என்ன பயன்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (கணிதம்)

அம்மா, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பணிப்பதிவேட்டில் ஏறாது. பதவி உயர்வுக்கோ பணிமூப்புக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. உயர்கல்வித் தகுதிக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையே 2020 மார்ச்சில் நிறுத்திய நாட்டில், சங்க உறுப்பினர் அட்டைக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை. மாநாட்டுக்குப் போனால் பெரும்பாலும் உங்கள் தற்செயல் விடுப்பும் உங்கள் பயணச் செலவும்தான். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினன். 1965-இல் தொடங்கப்பட்ட சங்கம். தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கென்று ஓர் ஆங்கில இதழும் மாணவர்களுக்கென்று 'ஜூனியர் மேத்தமடீஷியன்' என்ற இதழும் வெளியிடுகிறது; ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஊரில் தேசிய மாநாடு கூட்டுகிறது. பெற்றோர்களுக்கு அதைத் தெரிவது பெரும்பாலும் அது நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியால்தான். காஸ், கப்ரேகர், பாஸ்கரா, இராமானுஜன், ஆரியபட்டா என்று வகுப்புக்கு ஏற்பப் பெயர் வைத்திருப்பார்கள். இவற்றில் கப்ரேகர் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களை (எல்லாம் ஒன்றாக இல்லாதவரை) இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் 6174-இல் வந்து நிற்கும் விந்தையைக் கண்டவர். கணித மேதைகளின் வரிசையில் ஒரு பள்ளி வாத்தியாரை உட்கார வைத்தது ஆசிரியர்களின் சங்கம் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

அந்தச் சங்கத்தின் தொடக்க காலத்தைப் பேசினால் பி. கே. சீனிவாசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். இராமானுஜனின் கடிதங்களையும், அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-இல் நூலாக்கியவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இந்தப் பள்ளி ஆசிரியர்தான். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்தபோதும் அவர் அதன் உயிராக இருந்தார். காகிதத்தை மடித்தும் புள்ளித்தாளை வைத்துமே ஒரு வகுப்பை நாள் முழுவதும் கட்டிப்போடுவார் என்பார்கள். பள்ளி ஆசிரியரும் தன் பாடத்தில் ஆய்வாளராக இருக்கலாம் என்ற துணிச்சலை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

சங்கம் எனக்குத் தந்தது என்ன என்று கேட்டால், ஒரு கடிதத்தைத்தான் சொல்வேன். பின்னங்களின் வகுத்தலைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒரு மாநாட்டில் படித்தேன். கேட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். சில வாரங்கள் கழித்து, முன்பின் அறியாத ஆந்திர ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சல் வந்தது. "உங்கள் மூன்றாம் படி என் வகுப்பில் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்கள். நான் வரிசையை மாற்றிப் பார்த்தேன்" என்று எழுதி, தன் மாற்றத்தையும் வரைந்து அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் எனக்குப் போர்த்தப்பட்ட சால்வைகள் எத்தனை என்று நினைவில்லை. அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. என் பாடத்தை ஒருவர் எடுத்து, நடத்திப் பார்த்து, அதில் பிழை கண்டுபிடிக்கும் அளவுக்கு மதித்திருக்கிறார்.

இனி உங்கள் குளத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் நீர் ஏறியதும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியிருக்கக் கூடாது, அம்மா. பாடத்தின் மிகச் சிறந்த பகுதி அங்கேதான் தொடங்குகிறது. நீர் இரண்டு படி ஏறியிருந்தால், பழைய மூன்றாம் படி இப்போது ஒன்று. பழைய குறை இரண்டு இப்போது குறை நான்கு. ஒன்றிலிருந்து குறை நான்கைக் கழித்தாலும் அதே ஐந்துதான். படிகளின் பெயர்கள் மாறுகின்றன. இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள தொலைவு மாறுவதில்லை. பூச்சியத்தை எங்கே வைக்கிறோம் என்பது நம் வசதி என்ற கருத்தை நான் பதினொன்றாம் வகுப்பில் ஆயத்தொலைவுகள் நடத்தும்போதுகூட இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அதே பிள்ளைகளை அதே படிகளில் நிறுத்திப் பாருங்கள்.

விருதைப் பற்றி ஒரு சொல். தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் தொடங்கியது. நீண்ட காலம் மாநிலங்களின் பரிந்துரை வழியே வந்துகொண்டிருந்தது. 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்தது. ஆண்டுக்கு 300-க்கும் மேல் இருந்த விருதுகள் அந்த ஆண்டில் 45 அளவுக்குக் குறைந்தன. பரிந்துரைக்கு அலைவதைவிடத் தானே விண்ணப்பிப்பது நேர்மையானது என்பது என் கருத்து. உங்கள் கூச்சம் புரிகிறது. அதற்காகக் கோப்பைக் கிழித்துவிட வேண்டாம்.

மறுமொழி 2: வட்டாரச் செயலாளர், ஆசிரியர் சங்கம்

தோழர்களுக்கு வணக்கம். நாட்குறிப்போடு எங்கள் வேலை முடிந்துவிட்டது போன்ற தொனி கேள்வியில் இருப்பதால் எழுத வேண்டியதாயிற்று.

உதவிபெறும் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை, பாட நேரத்தில் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்கிறார். நிர்வாகத்திற்கு அது பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே வேலையை விட்டு நிறுத்த முடியுமா? முடியாது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்றும், தற்காலிகப் பணிநீக்கத்திற்குக் கால வரம்பு உண்டு என்றும் வரையறுத்தது. எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள், கோடை விடுமுறை தொடங்கும் நாளில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டுப் பள்ளி திறக்கும் நாளில் மீண்டும் சேர்த்துக்கொண்ட நிர்வாகங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நிலையில் இருந்த ஒருவர் குளத்துப் படியில் சோதனை செய்து பார்த்திருப்பாரா? பயமில்லாமல் பாடம் நடத்துவதற்கான நிலத்தைச் சங்கங்கள்தான் சமன் செய்து கொடுத்தன. அந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் பாட ஆசிரியர் சங்கங்கள் மாநாடு கூட்டுகின்றன.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில், யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டிய மாநாடு, ஆசிரியர்களின் தகுநிலை குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆசிரியர் அமைப்புகளைக் கல்வி முன்னேற்றத்திற்கு உதவும் சக்தியாக ஏற்று, கல்விக் கொள்கையை வகுப்பதில் அவற்றை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பரிந்துரை கூறுகிறது. நம் ஊரில் செப்டம்பர் 5 அன்று பூங்கொத்து கொடுப்பவர்கள் அக்டோபர் 5-ஐ நினைப்பதில்லை என்பது வேறு கதை.

2003 சூலையில் நடந்ததையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை அன்று என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள். அந்த வாரங்களில் சம்பளமில்லாத வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர்கள் யார், வழக்கறிஞரிடம் ஓடியவர்கள் யார் என்பதை நேரில் பார்த்தவன் நான். ஆசிரியருக்குத் துணை செய்வது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாகச் சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் மாதக் கூட்டங்களில் இடமாறுதல், அகவிலைப்படி, ஓய்வூதியம், கல்வித்துறையின் எமிஸ் என்னும் தகவல் இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களின் தொல்லை ஆகியவற்றைப் பேசியிருக்கிறோம். ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று ஒரு முறைகூடப் பேசியதில்லை. ஆசிரியரை நாங்கள் மேடையேற்றிப் பாராட்டுவது பணி நிறைவு விழாவில்தான். பொன்னாடை, கேடயம், இரண்டு வேளைச் சாப்பாடு. அதற்குள் அவர் வகுப்பறையை விட்டே வெளியேறிவிடுகிறார். ஆசிரியை அம்மையாரின் கேள்வி அந்த வகையில் எங்களையும் தொடுகிறது.

மறுமொழி 3: முதுகலை ஆசிரியர் (இயற்பியல்), திருநெல்வேலி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். பெரியவர் கணிதத்தைப் பற்றிச் சொன்னதோடு என் பாடத்தின் அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் 1984-இல் பேராசிரியர் டி. பி. கண்டேல்வாலின் முயற்சியால் உருவானது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. மாதந்தோறும் செய்தி இதழ் வருகிறது. பேராசிரியர் எச். சி. வர்மாவின் முன்முயற்சியில் 'அன்வேஷிகா' என்ற பெயரில் சோதனை மையங்களை ஊர் ஊராக அமைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த விலைப் பொருள்களால் இயற்பியல் சோதனைகளைச் செய்து காட்டுவது அவற்றின் பணி. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, புதுமையான இயற்பியல் சோதனைகளுக்கென்று இச்சங்கம் நடத்தும் தேசியப் போட்டி. அதில் கோப்பு, புகைப்படம், பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கு வேலையில்லை. நீங்கள் வடிவமைத்த சோதனையை மேசைமீது வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். எதிரே நிற்பவர்களும் இயற்பியல் நடத்துபவர்கள். "பிழை எல்லை எவ்வளவு?" என்ற முதல் கேள்வியிலேயே நாம் யார் என்பது தெரிந்துவிடும். ஆசிரியை கேட்ட அங்கீகாரத்திற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பெரியவர் அதைச் சற்றுப் பூசி மெழுகிவிட்டார். பாட ஆசிரியர் சங்கங்கள் நாளடைவில் தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே அறியப்பட்டுவிட்டன. அறிவியல் ஒலிம்பியாடு போட்டிகளின் முதற்கட்டமான தேசியத் தரநிலைத் தேர்வுகளை எங்கள் சங்கம் நடத்துகிறது. அடுத்த கட்டங்களை மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பார்த்துக்கொள்கிறது. நாடு முழுவதும் தேர்வு மையங்களைப் பொறுப்பேற்று நடத்துபவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கும் ஆசிரியர்கள். மறுநாள் நாளிதழைத் திறந்தால், தேர்வான மாணவர்களின் படங்களோடு முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருப்பவை பயிற்சி நிறுவனங்கள். உழைப்பது ஆசிரியர் சங்கம், பெயர் வாங்குவது பயிற்சி மையம். என் பள்ளியிலேயே, "நீங்கள் அந்தத் தேர்வு நடத்தும் கம்பெனியில் இருக்கிறீர்களாமே?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். தேர்வுகளால் சங்கத்திற்கு வருவாயும் வீச்சும் கிடைப்பது உண்மை. அதே அளவுக்கு ஆசிரியர்களுக்கான பணி பின்னால் தள்ளப்படுவதும் உண்மை. உறுப்பினராகச் சேர்பவர்கள் தேர்வுக் கண்காணிப்பாளராக மட்டும் நின்றுவிடாமல், மண்டலக் கூட்டங்களில் ஒரு சோதனையையாவது செய்துகாட்டக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் நடத்துபவர்களுக்கு 1969-இல் சென்னையில் தோன்றிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் இருக்கிறது. கிளைகள் வலுவாக உள்ள ஊர்களில் நன்றாக இயங்குகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தையும் மறக்க வேண்டாம். அது ஆசிரியர்களுக்கு மட்டுமேயான அமைப்பு அன்று. ஆனால் 1987 முதல் வரும் 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் இதழிலும், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களை வழிநடத்துவதிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுத விரும்புகிறவர்களுக்கு அது நல்ல இடம்.

மறுமொழி 4: தமிழாசிரியர், சிங்கப்பூர்

வணக்கம். எங்கள் ஊர் நிலைமை வேறு. ஒப்பிடுவதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. இங்கே தமிழ் கற்பிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம். எனவே பாடத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் பள்ளிக்கு வெளியேதான் தோழமையைத் தேட வேண்டும். உமறுப் புலவர் தமிழ் மொழி மையத்தில் சந்திக்கும்போதுதான் எங்களுக்குள் உண்மையான பேச்சு நடக்கும்.

தமிழ் முரசு நாளிதழும், தமிழாசிரியர் சங்கமும், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் இணைந்து 2002 முதல் நல்லாசிரியர் விருது வழங்கி வருகின்றன. மாணவர்கள் தம் ஆசிரியரைப் பரிந்துரைப்பது இதன் சிறப்பு. ஆசிரியை அவர்களுக்கு வந்த கூச்சம் இங்கே எழுவதில்லை. தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டியதில்லையே. பதினான்கு வயதுப் பிள்ளை, தமிழில், "எங்கள் ஆசிரியர் ஏன் நல்லாசிரியர்" என்று எழுதிய ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கை பரபரத்தாலும் கண் கலங்கிவிடும். ஆனால் பெரியவர் சொன்ன ஆந்திர ஆசிரியரின் கடிதம் போன்ற ஒன்று எனக்கு இதுவரை வந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாணவரின் அன்பு வேறு, சக ஆசிரியரின் கணிப்பு வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டியதில்லை என்றாகாது.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. செயலாளர் ஐயா என் தொனியைச் சுட்டிக்காட்டியது சரிதான், வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நான் நாட்குறிப்பில்கூடக் கவனித்துப் படித்ததில்லை.

தலைமையாசிரியர் ஐயாவின் மறுமொழியைப் படித்ததும் நேற்று மாலையே குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் சிக்கல் என்று ஒதுக்கியதையே பாடமாகக் காட்டிவிட்டீர்கள். இரண்டு ஆண்டுகளாக இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஐயா. இப்படி ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தயக்கம் இருக்கிறது. சங்க இதழ் ஆங்கிலத்தில் வருகிறது என்கிறீர்கள். நான் தமிழ்வழியில் படித்தவள், தமிழ்வழியில் நடத்துகிறவள். ஆங்கிலக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வேன், எழுத வராது. என் வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், பூச்சியம் தண்ணியோட மிதக்குது" என்றான். அதை ஆங்கிலத்தில் எழுதினால் அது அவன் சொன்னதாகவே இருக்காது.

மறுமொழி 1-ஐ எழுதிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, நீங்கள் தொட்டது பழைய புண். எங்கள் சங்கத்தின் மிகப் பெரிய குறை அதுதான். மாநாட்டு மேடையில் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆங்கிலவழிப் பள்ளி ஆசிரியர்களும் மிகுந்திருப்பார்கள். தமிழ்வழியில் நடத்தும் ஆசிரியர் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். நாள்தோறும் நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கணிதம் சொல்பவரிடம் இருக்கும் செய்தி மேடையில் இருப்பவரிடம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. நானும் பொறுப்பில் இருந்த காலத்தில் அதை மாற்ற ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை.

நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள். முன்னுரை, முடிவுரை, கல்வியாளர் பொன்மொழி எதுவும் வேண்டாம். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தக் கணக்கு, எந்த இடத்தில் தடுமாறினார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நடந்த வரிசையில் நான்கு பக்கம் போதும். தவறாகப் போன நாளையும் எழுதுங்கள். மற்ற ஆசிரியருக்கு அதுதான் அதிகம் பயன்படும். பிள்ளைகள் வரைந்த படங்களில் இரண்டைச் சேருங்கள். ஆங்கிலமாக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை? அந்தப் பையன் சொன்ன வாக்கியத்தை மட்டும் தமிழிலேயே அச்சிடச் சொல்லி, கீழே பொருள் எழுதலாம். இதழ் ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது அவர்கள் கையில் இருக்கிறது. திருப்பி அனுப்பினால், ஏன் என்று கேட்டு மறுபடி எழுதுவோம்.

வட்டாரச் செயலாளர்

தோழர்களே, இதை இங்கேயே பேசி முடித்துவிட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டாரக் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நடக்கிறது. வழக்கமான பொருள்களைத் தொடங்குவதற்கு முன் முதல் முக்கால் மணி நேரத்தை ஆசிரியை அம்மையாருக்கு ஒதுக்கலாம் என்று பொருளாளரிடமும் தலைவரிடமும் பேசி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். இடைநிலை ஆசிரியர்களும் வருவார்கள். ஆறாம் வகுப்புக்கு முன் குறை எண்களை எந்த அளவுக்குப் பேசலாம் என்பது பற்றி அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். தலைமையாசிரியர் ஐயாவும் வர இசைந்தால் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வர ஏற்பாடு செய்கிறேன்.

ஒரே ஒரு குறை. எங்கள் சங்கக் கட்டடத்தில் நாற்காலிகள் இருக்கின்றன, ஒலிபெருக்கி இருக்கிறது, மறைந்த தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. கரும்பலகை மட்டும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் தேவைப்பட்டதே இல்லை என்பதை இன்று காலைதான் கவனித்தேன். வேண்டுமென்று சொன்னால் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

கணித ஆசிரியை

வேண்டும், ஐயா. படி வரைவதற்கு உயரமான பலகையாக இருந்தால் நல்லது.